போர் பாயிண்ட் கேபினெட்: வாங்கும் முன் தொட்டியை எண்ணுங்கள், கார்க்கை அளந்து பாருங்கள்

எண்ணெய் எந்தக் குளிரில் ஓட மறுக்கும் என்று பார்க்கும் கருவிக்கு, கத்திரி வெயில் 40 டிகிரியைத் தொடும் மதுரையில் என்ன வேலை? இங்கே கலந்து டிரம்மில் அடைக்கிற எண்ணெய் இங்கேயே இருந்துவிடுவதில்லை. கொடைக்கானல் ஏறுகிறது. லாரி எஞ்சினுக்குள் இருந்தபடியே காஷ்மீர் வரை போகிறது. ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கத்து ஐஸ் பேக்டரி கம்ப்ரசருக்குள் போய் உட்காருகிறது. டிரான்ஸ்பார்மர் எண்ணெய் என்றால், எந்த ஊரில் ஓடப் போகிறது என்று பார்க்காமல் டெண்டரிலேயே போர் பாயிண்ட் (குளிரில் எண்ணெய் அசையும் கடைசி வெப்பநிலை) கேட்டுவிடுகிறார்கள். அதனால் கப்பலூர், கே.புதூர் போன்ற தொழிற்பேட்டைகளில் எண்ணெய் கலப்பவர்களும், டிரான்ஸ்பார்மர் ரிப்பேர் பட்டறைக்காரர்களும், ஆய்வகத்துக்குக் கருவி வாங்கும் கல்லூரிகளும் ஒரு கட்டத்தில் இந்த கேபினெட்டின் கேட்லாக்கைப் புரட்டத்தான் வேண்டியிருக்கிறது.

இங்கே மதிப்பிடுவது ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் மாடலை அல்ல. அம்பாலாவிலும் டெல்லி பக்கத்திலும் பல பட்டறைகள் ஏறக்குறைய ஒரே வரைபடத்தில் செய்யும் வகை இது. தரையில் நிற்கும் பெட்டி, உள்ளே கம்ப்ரசர், மேல்தட்டில் வரிசையாக ஜாக்கெட் (எண்ணெய் ஜார் இறங்கும் உறை) துளைகள், முன்னால் ஒவ்வொரு குளிர்திரவத் தொட்டிக்கும் ஒரு டிஜிட்டல் கன்ட்ரோலர், பக்கத்தில் 'ஐஎஸ் 1448 பகுதி 10, ஏஎஸ்டிஎம் டி97, டி2500' என்று சோதனை முறைகளின் எண்கள் போட்ட ஒரு ஸ்டிக்கர். பெயர்ப்பலகை மாறினாலும் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் இருக்கின்றன. குளிரூட்டும் பகுதி பரவாயில்லை. 0, மைனஸ் 18 டிகிரியில் நிற்கும் தொட்டிகள் நம்பத் தகுந்தவை. கூடவே கொடுக்கும் கார்க், டிஸ்க், வளையம், தெர்மாமீட்டர் ஆகியவைதான் மோசம். முடிவைக் கெடுப்பதும் அவைதான். விற்பனையாளர் சொல்லும் தொட்டி எண்ணிக்கை பெரும்பாலும் உங்கள் எண்ணெய்க்குப் பொருந்தாது. (கீழே டிகிரி என்று வருவதெல்லாம் செல்சியஸ்.)

முதலில் எண்ணெய் ஏன் நிற்கிறது என்று சுருக்கமாக. மார்கழியில் பாட்டிலுக்குள் உறைகிற தேங்காயெண்ணெய் மாதிரி மொத்தமும் கட்டியாவதில்லை. பாரபின் வகை எண்ணெயில் கரைந்திருக்கும் மெழுகு, குளிரக் குளிர மெல்லிய தகடுகளாகப் பிரிந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்கிறது. நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு மெழுகு பிரிந்தாலே போதும், மீதி எண்ணெய் முழுவதும் அந்த வலைக்குள் சிக்கி நின்றுவிடும். மெழுகு முதலில் கண்ணுக்குத் தெரியும் வெப்பநிலை கிளவுட் பாயிண்ட். எண்ணெய் அசைந்த கடைசி வெப்பநிலை போர் பாயிண்ட். நாப்தீனிக் எண்ணெயில் மெழுகு குறைவு. அது வலையால் நிற்காது, பாகு போலத் தடித்துத்தான் நிற்கும். கனமான கியர் எண்ணெயும் அப்படித்தான். ஜாரைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்: மெழுகால் நின்றது கலங்கலாக, மங்கலாக இருக்கும், தடிப்பால் நின்றது தெளிவாகவே அசையாமல் இருக்கும்.

இந்த வித்தியாசத்துக்குப் பணமதிப்பு உண்டு. போர் பாயிண்ட் குறைக்கும் அடிட்டிவ் மெழுகு வலை கோத்துக்கொள்வதைத்தான் தடுக்கும். கிளவுட் பாயிண்ட்டை அது பெரிதாக அசைக்காது. தடிப்பால் நிற்கும் எண்ணெயில் ஒன்றும் செய்யாது. அதை அறியாமல் டோஸை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. அளவுக்கு மேல் போனால் எண் மறுபடி ஏறவும் வாய்ப்பிருக்கிறது.

தொட்டிக் கணக்கு

கேட்லாக்கில் இரண்டு தொட்டி, மூன்று தொட்டி, நான்கு தொட்டி என்று மாடல்கள் வரும். எது வேண்டும் என்பதைச் சோதனை முறையே சொல்லிவிடுகிறது. எண்ணெய் 27 டிகிரிக்கு வந்ததும் 0 தொட்டிக்குப் போகும். 9 டிகிரியிலும் ஓடினால் மைனஸ் 18 தொட்டி. மைனஸ் 6-லும் ஓடினால் மைனஸ் 33. மைனஸ் 24-லும் ஓடினால் மைனஸ் 51. மைனஸ் 42-லும் ஓடினால் மைனஸ் 69. கழித்துப் பாருங்கள்: ஒவ்வொரு மாற்றத்திலும் எண்ணெய்க்கும் தொட்டிக்கும் இடைவெளி சரியாக 27 டிகிரி. குளிரும் வேகம் எல்லா எண்ணெய்க்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை தொட்டி. "எங்க மெஷின்ல ஒரே தொட்டியை நேரா மைனஸ் 33-க்கு வெச்சு முடிச்சுடலாம் சார்" என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். வேகமாகக் குளிர்ந்தால் மெழுகுப் படிகத்தின் அளவும் உருவமும் மாறும். கிடைக்கிற எண்ணை வேறொரு ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிட முடியாது.

அசைவு பார்ப்பது 3 டிகிரிக்கு ஒரு முறை. அசையாமல் நின்ற வெப்பநிலையோடு 3 கூட்டியதே போர் பாயிண்ட். இதை வைத்துப் பார்த்தால், 0, மைனஸ் 18 என்ற இரண்டு தொட்டி மட்டும் உள்ள மெஷின் மைனஸ் 3 வரைதான் எண் சொல்லும். மைனஸ் 6-ல் நின்றால் மைனஸ் 3. மைனஸ் 6-லும் ஓடினால் அடுத்த தொட்டி இல்லை. ஆனால் பழைய ஐஎஸ் 335 டிரான்ஸ்பார்மர் எண்ணெய்க்குக் கேட்கும் வரம்பு மைனஸ் 6. மைனஸ் 6-ல் ஓடினாலே அந்த வரம்பில் தேறிவிட்டது என்று அர்த்தம். எண் வேண்டாம், தேறியதா இல்லையா போதும் என்கிற ரிப்பேர் பட்டறைக்கு இரண்டு தொட்டியே போதும். வாடிக்கையாளர் அதைவிடக் கீழான வரம்பை டெண்டரில் எழுதியிருந்தால் கணக்கு மாறும். வாங்கும் முன் டெண்டரை ஒருமுறை படியுங்கள்.

மூன்று தொட்டி இருந்தால் மைனஸ் 21 வரை போகலாம். ஹைட்ராலிக் எண்ணெய், சாதாரண எஞ்சின் எண்ணெய் பலவும் இதற்குள் அடங்கும். ஆனால் டப்பாவில் மைனஸ் 24 என்று அச்சடிக்கிறவருக்கு மூன்று தொட்டி போதாது. மைனஸ் 24-ல் ஓடியதும் ஜாரை மைனஸ் 51-க்கு மாற்றி, மைனஸ் 27-ல் நிற்கிறதா என்று பார்த்தால்தான் மைனஸ் 24 என்று எழுத முடியும். மூன்றே டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு முழுத் தொட்டி கூடுதல்; விலை நன்றாகவே ஏறும் இடம் அது. 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் பானிபட் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து லடாக்குக்கு அனுப்பத் தொடங்கிய குளிர்கால டீசலின் போர் பாயிண்ட் மைனஸ் 33. அதைச் சோதிக்கவும் மைனஸ் 51 தொட்டி போதும், ஐந்தாவது தேவையில்லை. மைனஸ் 69 தொட்டியை மதுரைப் பக்கம் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

எஞ்சின் எண்ணெய் விற்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. போர் பாயிண்ட் மைனஸ் 24 வந்துவிட்டது, ஆகவே 15டபிள்யூ-40 என்று எழுதலாம் என்று நினைக்காதீர்கள். எஞ்சின் எண்ணெய் கிரேடுகளை வகுக்கும் எஸ்ஏஇ ஜே300-ன்படி 15டபிள்யூ என்றால் மைனஸ் 20-ல் கிராங்கிங் பிசுபிசுப்பு 7,000 மில்லிபாஸ்கல் செகண்டுக்குள்ளும், மைனஸ் 25-ல் பம்பிங் பிசுபிசுப்பு 60,000-க்குள்ளும் இருக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் வேறு கருவிகள். இந்த கேபினெட்டால் டபிள்யூ கிரேடு சொல்ல முடியாது.

பெட்ரோல் பங்க்காரர்களும் டீசல் மொத்த வியாபாரிகளும் இதை வாங்கவே வேண்டாம். பிஎஸ்-6 டீசலுக்குக் கேட்பது சிஎப்பிபி, அதாவது குளிரில் பில்டர் அடைக்கும் வெப்பநிலை: கோடையில் 18, குளிர்காலத்தில் 6 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. அந்தச் சோதனையில் 45 மைக்ரான் சல்லடை வழியாக 2 கிலோபாஸ்கல் உறிஞ்சலில் 20 மி.லி. எண்ணெய் 60 நொடிக்குள் ஏறுகிறதா என்று ஒவ்வொரு டிகிரிக்கும் பார்ப்பார்கள். ஜாரைச் சாய்த்துப் பார்ப்பதும் அதுவும் ஒன்றல்ல.

மதுரை வெயிலில் கம்ப்ரசர்

கேட்லாக்கில் 'மைனஸ் 40 வரை' என்று போட்டிருந்தால் பக்கத்தில் சின்ன எழுத்தில் அறை வெப்பநிலை எவ்வளவு என்று பாருங்கள். 25 டிகிரி அறையில் எடுத்த எண்ணாக இருந்தால், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சித்திரை மதியத்தில் அது வராது. கன்டென்சர் பின்னால் குறைந்தது ஒரு முழம் இடம் விடச் சொல்வார்கள். சுவரோடு ஒட்டி வைத்துவிட்டு மைனஸ் 33 தொட்டி மைனஸ் 28-லேயே நிற்கிறது என்று புகார் சொல்வதில் பயனில்லை. ஏசி அறை இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். அறை குளிர்ந்தால் ஜாரின் வெளியே நீர் படிவதும் குறையும்; அந்த லாபத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒற்றைக் கம்ப்ரசரில் மைனஸ் 51 தருகிறோம் என்று சொன்னால் குளிரூட்ட எந்த கேஸ் என்று கேளுங்கள். இப்போது பரவலாகப் போடும் ஆர்-404ஏ சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 46-ஐ ஒட்டிக் கொதிக்கிறது. அதற்கும் கீழே இழுத்தால் உறிஞ்சும் பக்கம் வெற்றிடத்துக்குப் போய்விடும். ஒரு மயிரிழைக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்றும் ஈரமும் உள்ளே போகும், கேஸ் போகும் மெல்லிய கேப்பிலரிக் குழாய் அடைக்கும். மைனஸ் 51 உண்மையாகவே வேண்டுமென்றால் இரண்டு அடுக்கு கேஸ்கேட், அதாவது இரண்டு கம்ப்ரசர், இரண்டு கேஸ். நம் ஊர் ஏசி மெக்கானிக் ஆர்-404ஏ வரை கைவைப்பார். இரண்டாம் அடுக்கில் இருக்கும் ஆர்-23 போன்ற கேஸுக்கு ஆள் கிடைப்பது கடினம். கேஸ்கேட் மாடல் வாங்குபவர் அதற்கு யார் வருவார், எங்கிருந்து வருவார் என்பதை ஆர்டரிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும்.

கரண்டு போய் உடனே வந்தால் கம்ப்ரசர் அழுத்தத்தோடு கிளம்ப முயன்று திணறும். மூன்று நிமிடத் தாமதம் உள்ள கன்ட்ரோலரா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தாமத ரிலே உள்ள ஸ்டெபிலைசர் போடுங்கள். சோதனைக்கு நடுவில் கரண்டு போனால் அந்த ஜார் வீண். மறுபடி 45 டிகிரிக்குச் சூடாக்கித்தான் தொடங்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து தொடரக் கூடாது.

தொட்டியில் ஊற்றும் திரவம் பற்றி. 0, மைனஸ் 18-க்குப் பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால்-தண்ணீர் நன்றாகவே வேலை செய்கிறது, தீப்பிடிக்காது, ஆவியாகிக் குறையாது. அது உறைவது மைனஸ் 37-ஐ ஒட்டி என்பதால் மைனஸ் 33 தொட்டிக்கு உதவாது; காயிலைச் சுற்றிக் கூழாகிவிடும், ஸ்டிரர் (கலக்கி) சுற்றாது. அங்கே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மெத்தனால் இன்னும் இளகலாக ஓடும் என்பது உண்மைதான். ஆனால் விஷம், தமிழ்நாட்டில் வாங்கி வைக்க உரிமமும் வேண்டும், தேவையில்லாத தலைவலி. ஐசோபுரொப்பைலுக்கு மூன்று குறை. பிளாஷ் பாயிண்ட் 12 டிகிரி அளவில்தான், ஆகவே பக்கத்தில் வெல்டிங் நடக்கும் ஷெட்டில் வைக்காதீர்கள். காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை முடியும்போது காயில்மேல் ஐஸ் படிந்திருந்தால் திரவத்தை மாற்ற வேண்டும். அது ஆவியாகிக் குறைவதையும் கவனிக்க வேண்டும். ஜாக்கெட் திரவத்துக்கு வெளியே 25 மி.மீ.க்கு மேல் தெரியக் கூடாது. மட்டம் இறங்கினால் ஜாரின் மேல்பகுதி சரியாகக் குளிராது.

டெலிவரி அன்றே செய்து பார்க்க வேண்டிய சோதனை: மதியம் இரண்டு மணி, எல்லாத் தொட்டிகளும் ஒரே நேரத்தில் ஓடவேண்டும், எல்லா ஜாக்கெட்டிலும் 45 டிகிரி எண்ணெய் ஊற்றிய ஜார். தனி தெர்மாமீட்டரை நான்கு மூலையிலும் மேலும் கீழும் வைத்துப் பாருங்கள். குறித்த வெப்பநிலையிலிருந்து 1.5 டிகிரிக்கு மேல் விலகினால் கன்ட்ரோலர் திரையில் என்ன காட்டினாலும் ஏற்காதீர்கள். திரையில் காட்டுவது சென்சார் இருக்கும் ஒரே இடத்தின் எண்தான். ஸ்டிரர் இல்லாத மலிவு மாடல்களில் மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் அம்பலமாகும்.

கேட்லாக் சொல்லாமல் விடும் இரண்டு தொட்டிகள் வேறு இருக்கின்றன. எண்ணெயை 45-க்குச் சூடாக்க 48 டிகிரி வெந்நீர்த் தொட்டி, பிறகு 27-க்கு இறக்க 24 டிகிரி தொட்டி. குளிர் நாட்டில் குழாய்த் தண்ணீரே 24-க்குப் போதும். இங்கே மாடித் தொட்டித் தண்ணீர் மதியத்தில் கையைச் சுடும். ஒரு டப்பில் தண்ணீர் வைத்து ஐஸ் துண்டு போட்டுப் போட்டு 24-ல் பிடித்து வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டு 45 டிகிரி எண்ணெயை நேராக 0 தொட்டியில் இறக்கினால் மேலே சொன்ன 27 டிகிரிக் கணக்கு தொடக்கத்திலேயே உடைகிறது.

பெட்டிக்குள் வரும் சில்லறைச் சாமான்கள்

மதிப்பெண் குறைவது இங்கேதான். வெர்னியர் காலிப்பரோடு உட்காருங்கள்.

டெஸ்ட் ஜார் தட்டை அடி, உள்விட்டம் 30 முதல் 32.4 மி.மீ., வெளிவிட்டம் 33.2 முதல் 34.8, உயரம் 115 முதல் 125 இருக்க வேண்டும். எண்ணெய் மட்டக் கோடு உள் அடியிலிருந்து 54 மி.மீ., கூடக்குறைய 3. வெளி அடியிலிருந்து அளந்து கோடு போட்ட ஜார்கள் வருவதுண்டு. அடிக்கண்ணாடி கனமாக இருந்தால் மட்டம் தவறிவிடும். உள்ளே ஸ்கேலை விட்டு அளந்து பாருங்கள்.

ஜாக்கெட்டின் உள்விட்டம் 44.2 முதல் 45.8, ஆழம் 115 மி.மீ. அளவு. ஜாருக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே சுற்றிலும் 5 மி.மீ. காற்று நிற்கிறது. எண்ணெய் ஒரே சீராகக் குளிர்வது அந்தக் காற்றால்தான். அதனால்தான் ஜாரை நேராகத் திரவத்தில் இறக்கக் கூடாது. அந்த இடைவெளியைக் காப்பது இரண்டே சின்னச் சாமான்கள்: ஜாக்கெட் அடியில் 6 மி.மீ. கனத்தில் கார்க் அல்லது பெல்ட் டிஸ்க், ஜாரைச் சுற்றி அடியிலிருந்து 25 மி.மீ. உயரத்தில் 5 மி.மீ. கன வளையம். வளையம் ஜாரை இறுகப் பிடிக்க வேண்டும், ஜாக்கெட்டுக்குள் தளர்வாக இருக்க வேண்டும். சப்ளையர்கள் பிளம்பிங் கடை ஓ-ரிங்கைப் போட்டு அனுப்பும் பழக்கம் இருக்கிறது. எண்ணெய் பட்டு அது ஊதும், ஜாக்கெட்டில் சிக்கும், ஜாரை மூன்று நொடிக்குள் எடுத்து வைக்க முடியாது. டிஸ்க்கைத் தொலைத்துவிட்டு ஜாரை நேராக உலோக அடியில் நிறுத்தினால் கீழ்ப்பகுதி முதலில் உறையும். கார்க் ஷீட் வாங்கி இரண்டையும் நீங்களே வெட்டிக்கொள்வது உத்தமம்.

மேல் கார்க்கின் துளை நடுவில், செங்குத்தாக இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்த துளையில் தெர்மாமீட்டரும் சாயும், பல்பு ஜார் சுவரைத் தொடும். போர் பாயிண்ட்டுக்கு தெர்மாமீட்டரின் கேப்பிலரி தொடங்கும் இடம் எண்ணெய் மட்டத்துக்கு 3 மி.மீ. கீழே, கிளவுட் பாயிண்ட்டுக்கு பல்பு ஜாரின் அடியில். இரண்டுக்கும் ஒரே உயரத்தில் வைப்பது கல்லூரி ஆய்வகங்களில் வழக்கமான தவறு.

தெர்மாமீட்டர் இரண்டு வேண்டும். 5சி, மைனஸ் 38 முதல் 50 வரை. 6சி, மைனஸ் 80 முதல் 20 வரை. பாதரசம் மைனஸ் 39-ல் உறைந்துவிடும் என்பதால் அதில் வண்ணத் திரவம். 6சி-யின் அளவு 20-லேயே முடிவதால் அதை 45 டிகிரி எண்ணெயில் விடக் கூடாது. மைனஸ் 33-க்கும் கீழே போகும் எண்ணெயை 15 டிகிரிக்கு இறக்கிய பிறகே அதைப் போட வேண்டும். பார்சலில் குலுங்கி வந்த தெர்மாமீட்டரில் திரவக் கம்பி அறுந்திருக்கும், இது மிகவும் சாதாரணம். ஒவ்வொரு சோதனைக்கும் முன் கம்பி முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். ஐஸ்-தண்ணீரில் 0-விலிருந்து ஒரு டிகிரிக்கு மேல் விலகினால் ஒதுக்குங்கள். கேபினெட்டோடு இலவசமாக வருகிற தெர்மாமீட்டருக்கு அளவுத் திருத்தச் சான்று இருக்காது. என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற இடத்தில் சான்று பெற்றதைத் தனியாக வாங்குங்கள்.

ஒரு சோதனை, மைனஸ் 12 எண்ணெயில்

மெஷினைச் சோதிக்க, எண் முன்பே தெரிந்த ஒரு எண்ணெய் வேண்டும். மைனஸ் 12 வரும் என்று வைத்துக்கொள்வோம். மாதிரி கடந்த 24 மணி நேரத்தில் 45 டிகிரிக்கு மேல் சூடானதா, அல்லது கதை தெரியாதா? அப்படியானால் 24 மணி நேரம் அறையிலேயே வைத்துவிட்டுத் தொடங்குங்கள். மெழுகு பழைய சூட்டையும் குளிரையும் ஞாபகம் வைத்திருக்கும். ஜாரில் கோடு வரை ஊற்றி, கார்க்-தெர்மாமீட்டர் பொருத்தி, கலக்காமல் 45-க்குச் சூடாக்குங்கள். 24 தொட்டியில் 27-க்கு இறக்குங்கள். ஜாக்கெட்டும் டிஸ்க்கும் குறைந்தது பத்து நிமிடமாவது முன்பே தொட்டியில் குளிர்ந்திருக்க வேண்டும், உள்ளே ஒரு சொட்டு ஈரமும் கூடாது. மழைக்காலத்தில் திறந்திருக்கும் காலி ஜாக்கெட்டுக்குள் நீர் படிந்து உறையும், ஜார் ஒட்டிக்கொள்ளும். காலியாக இருக்கும்போது மூடி போட்டு வையுங்கள்.

எதிர்பார்ப்பது மைனஸ் 12 என்பதால் மைனஸ் 3-லிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும். 9-ல் மைனஸ் 18-க்கும், மைனஸ் 6-ல் மைனஸ் 33-க்கும் மாற்றுங்கள். ஒவ்வொரு 3 டிகிரிக்கும் ஜாரை எடுத்து, மேற்பரப்பு அசைகிறதா என்று தெரியும் அளவுக்கு மட்டும் சாய்த்து, திரும்ப வைப்பது எல்லாம் சேர்ந்து மூன்று நொடி. வெளியே 35 டிகிரி அறையில் ஜார் நின்றால் சுவரோரம் எண்ணெய் இளகிவிடும். மேலே ஓடும் மின்விசிறியை நிறுத்துங்கள். கண்ணாடி மேல் நீர் படிந்து மறைத்தால் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரு இழுப்பு. சாய்த்தும் அசையவில்லை என்றால் ஜாரைப் படுக்கை வாட்டில் ஐந்து நொடி, கடிகாரம் பார்த்து. அசைந்தால் உடனே திரும்ப வையுங்கள், அடுத்த 3 டிகிரிக்குக் காத்திருங்கள். மைனஸ் 15-ல் ஐந்து நொடியும் அசையவில்லை என்றால் முடிவு மைனஸ் 12.

இதே எண்ணெய் ஒருமுறை மைனஸ் 12, அடுத்த முறை மைனஸ் 15 என்றால் மெஷினைத் திட்டாதீர்கள். 3 டிகிரி வித்தியாசம் முறைக்கு உட்பட்டதே. மைனஸ் 18, மைனஸ் 21 என்று கீழே போனால் யாரோ தெர்மாமீட்டரை அசைத்திருப்பார்கள், அல்லது ஜாரைத் தேவைக்கு மேல் சாய்த்திருப்பார்கள். வலை உடைந்தால் எண்ணெய் மறுபடி ஓடும், எண் பொய்யாக நன்றாக வரும். விற்பனைப் பிரதிநிதி டெமோ காட்டும்போது ஜாரைக் குலுக்குகிறாரா என்று கவனியுங்கள். எண் மேலே போனால், அதாவது மைனஸ் 6, மைனஸ் 3 என்று வந்தால், முன்சூடு போதவில்லை என்று சந்தேகப்படலாம்.

கிளவுட் பாயிண்ட்டுக்கு இந்த கேபினெட்டின் விளக்கு அமைப்பு சுமார்தான். 40 மி.மீ. கனத்தில் தெளிவாகத் தெரியும் எண்ணெய்க்கு மட்டுமே இந்தச் சோதனை. கறுப்பு எண்ணெய்க்கு இல்லை. ஒவ்வொரு டிகிரிக்கும் ஜாரை எடுத்து அடியைப் பார்க்க வேண்டும். மெழுகு அடியில், ஓரத்தில் தொடங்கும். ஜார் முழுக்க ஒரே மாதிரி மங்கினால் அது தண்ணீர். கிளவுட் பாயிண்ட்டை விடக் குறைந்தது 14 டிகிரி மேலே இருக்கும்போதே பஞ்சு உதிராத உலர்ந்த பில்டர் பேப்பரில் வடிகட்டிவிட்டு வந்தால் அந்தக் குழப்பம் இல்லை. மழைக்காலத்தில் டிரம்மின் மூடியைத் திறந்து வைத்து எடுத்த மாதிரி என்றால் கட்டாயம்.

வேறு வழிகள்

கல்லூரிக்கு கேபினெட்டே தேவையில்லை என்பது எங்கள் கருத்து. காப்பிட்ட மரப்பெட்டியில் நான்கு ஜாக்கெட் வைத்த பழைய வகை போதும். மாணவர்கள் குளிர்கலவைகளையும் கற்றுக்கொள்வார்கள். ஐஸ் பேக்டரி பாரை உடைத்து, ஐஸும் தண்ணீரும் என்றால் எண்ணெயை 9 டிகிரி வரை இறக்கலாம். பொடி ஐஸோடு தூத்துக்குடிக் கல்லுப்பு சேர்த்தால் மைனஸ் 12 வரை. கால்சியம் குளோரைடு சேர்த்தால் மைனஸ் 27. அசிட்டோனில் டிரை ஐஸ் என்றால் மைனஸ் 57. டிரை ஐஸை அசிட்டோனில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், மொத்தமாகக் கொட்டினால் பொங்கி வழியும். அறையில் காற்றோட்டமும் நெருப்பில்லாத இடமும் கட்டாயம்.

மாதத்துக்கு ஒன்றிரண்டு மாதிரி மட்டும் பார்ப்பவர் வெளி ஆய்வகத்துக்கு அனுப்புவதே லாபம். அனுப்பும் இடத்தின் என்ஏபிஎல் அனுமதிப் பட்டியலில் ஐஎஸ் 1448 பகுதி 10 அல்லது டி97 பெயராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஒரு சோதனைக்கு 45 மி.லி. அளவுதான் என்றாலும் மறுசோதனைக்கும் சேர்த்து அரை லிட்டர், முழுதாக நிரப்பிய பாட்டிலில். தினமும் பல மாதிரி ஓடும் பெரிய இடத்துக்கு டி5950 தானியங்கிக் கருவி. அது ஒரு டிகிரி இடைவெளியிலும் முடிவு தரும் என்பதால் ரிப்போர்ட்டில் எந்த முறை, எந்த இடைவெளி என்று எழுத மறக்காதீர்கள். டி97 எண்ணோடு அப்படியே ஒப்பிட்டால் வாடிக்கையாளரோடு வீண் சண்டை.

கேபினெட்தான் என்று முடிவு செய்தவர்களுக்கு ஆர்டரில் எழுத வேண்டியவை: தொட்டிகளின் வெப்பநிலை ஒவ்வொன்றாக, 40 டிகிரி அறையில் அவை எட்ட வேண்டும் என்ற நிபந்தனை, கேஸின் பெயரும் எடையும், தாமத ரிலே, தொட்டிக்கு ஒரு ஸ்டிரர், அடியில் வடிகால் வால்வு. வடிகால் இல்லாத மாடலில் திரவம் மாற்ற ஹோஸ் வைத்து உறிஞ்சி எடுப்பதற்குள் பொழுது போய்விடும். கூடுதல் டெஸ்ட் ஜார் ஆறு, கார்க் பத்து. லாரியில் படுத்தபடி வந்திருந்தால் நிமிர்த்தி வைத்து ஒரு நாள் விட்டுத்தான் கரண்டு கொடுக்க வேண்டும். கம்ப்ரசர் எண்ணெய் குழாயிலிருந்து திரும்ப இறங்க அந்த நேரம் வேண்டும், அதற்குள் ஓட்டினால் வாரண்டியும் போகும்.